பழைய இசட்4 கன்வெர்டிபிளில் ரிம் வளைந்துவிட்டது: கோட்டம் எடுக்கலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

பாளையங்கோட்டைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து 2011ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ இசட்4 ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டே இருக்கைகள், மடிந்து டிக்கிக்குள் இறங்கும் அலுமினியக் கூரை, பின்சக்கர ஓட்டம். தடையில்லாச் சான்று, ஆயுள்கால வரி எல்லாம் முடிந்து டி.என். 72 எண்ணும் வாங்கிவிட்டேன். அதிகாலையில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் கடந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குள் நுழைவதற்காகவே வாங்கிய வண்டி இது. அந்தச் சுகம் இப்போது கெட்டுப்போயிருக்கிறது.

சென்ற மாதம் ஓர் இரவில் முக்கூடல் பக்கம் போனபோது, சிறுபாலம் ஒன்று சாலையோடு சேரும் இடத்தில் இருந்த விளிம்பில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. டயர் வெடிக்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் வேகம் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. 110ஐ நெருங்கினால் இருக்கையும் அதிர்கிறது. முன் இடப்பக்க டயரில் 33 பி.எஸ்.ஐ. வைத்த காற்று மூன்றே நாளில் 26க்கு இறங்கிவிடுகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, வெளியே தெரியாத உட்பக்க விளிம்பு ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குத் தட்டையாக அமுங்கியிருந்தது.

நகரில் மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒருவர் காஸ் விளக்கால் சூடு காட்டிச் சுத்தியலால் தட்டி அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். இன்னொருவர், பேலன்சிங் செய்து வெயிட் ஒட்டிவிட்டு, அந்தச் சக்கரத்தைப் பின்னால் மாட்டிவிட்டால் நடுக்கம் தெரியாது என்றார். மூன்றாமவர் நான்கு சக்கரங்களையும் மாற்றச் சொன்னார். மூவர் சொல்வதும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. 18 இஞ்ச் சக்கரங்கள். முன்னால் 225/40, பின்னால் 255/35 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது), நான்கும் காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்கள். இத்தகைய ரிம்மை நேராக்கி மீண்டும் நம்பி ஓட்டலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குற்றாலத்தில் சாரலில் ஒரு பகல் முழுவதும் வண்டி நின்றது. திரும்பி வரும்போது பயணி இருக்கைக்குக் கீழே விரிப்பு ஈரமாக இருந்தது. கூரை ரப்பர் போய்விட்டதா?

வள்ளியூர்ப் பட்டறை

அண்ணாச்சி, வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சக்கர வேலை செய்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: காஸ் விளக்கைக் காட்டுகிறேன் என்று சொன்ன இடத்துக்கு அந்த ரிம்மைக் கொண்டுபோகாதீர்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அலாய் வீல் என்பது அலுமினியத்தோடு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் சேர்த்து வார்ப்பது. வார்த்த பிறகு அதை ஏறக்குறைய 540 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்துதான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். அந்த இரண்டாவது சூட்டை மீறி ஒரே இடத்தில் தீ பட்டால் ஏற்றிய வலு அந்த இடத்தில் இறங்கிவிடும். பார்வைக்கு ரிம் புதிது போல இருக்கும். அடுத்த பள்ளத்தில் அதே இடம் முன்னைவிட எளிதாக மடங்கும். கொல்லுப்பட்டறையில் இரும்பு பழுக்கும்போது நிறம் பார்த்து வேலை செய்கிறோம். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டாது, உருகப் போகும் வரை வெள்ளையாகவே இருக்கும். ஆகவே விளக்கைப் பிடித்திருப்பவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், கண்ணால் மட்டும் சூட்டைக் கணிக்க முடியாது.

பேலன்சிங் பற்றிச் சொன்னவரின் யோசனையும் சரியல்ல. வெயிட் ஒட்டுவது எடையைச் சமன்செய்யுமே தவிர, வட்டத்தைத் திருத்தாது. கோணலான சக்கரத்தில் எடையைச் சரிசெய்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டையான இடம் தரையைத் தொடும்போது வண்டி ஏறி இறங்கத்தான் செய்யும். மேலும், உங்கள் வண்டியில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு அகலம். முன்னதைப் பின்னால் மாட்டும் பேச்சுக்கே இடமில்லை.

சரியான வழி இதுதான். டயரைக் கழற்றிவிட்டு வெறும் ரிம்மை மெஷினில் பூட்டி, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து, டயர் உட்காரும் இடத்தில் உட்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். மேலும் கீழுமாக எவ்வளவு ஆடுகிறது, பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று இரண்டு கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல சக்கரம். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் இந்த மாதிரி இறுக்கமான வண்டியில் கைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு விரிசல் பார்க்க வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாய மருந்தைப் பூசித் துடைத்து, அதன் மேல் வெள்ளை மருந்தை அடித்தால், முடி அளவு விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பி வரும். இதைச் செய்யாமல் கோட்டம் எடுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

உட்பக்க விளிம்பு மட்டும் அமுங்கி, விரிசல் இல்லாதிருந்தால், ஹைட்ராலிக் அழுத்தத்தில் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, தள்ளும்போதெல்லாம் அளந்து நேராக்கலாம். வெப்பம் தேவைப்பட்டால் வெப்பமானியால் அளந்துகொண்டு மிதமாக மட்டும் கொடுக்க வேண்டும். ஸ்போக் வளைந்திருந்தாலோ, ஹப்பில் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதியில்) உட்காரும் முகம் கோணியிருந்தாலோ, விரிசல் கண்டாலோ, முன்பே யாராவது ஆர்கான் வெல்டிங் வைத்திருந்தாலோ அந்த ரிம்மைப் பழைய உலோகத்துக்குப் போட்டுவிடுங்கள். லேத்தில் சீவி வட்டமாக்கித் தருகிறேன் என்பவரும் உண்டு. அது உலோகத்தை மெலிதாக்கும் வேலை, ஒப்புக்கொள்ள வேண்டாம்.

காற்று இறங்குவதற்குத் தனியாக ஒரு சோதனை செய்துபாருங்கள். டயரைக் கழற்றும் முன் சோப்புத் தண்ணீரை ரிம்மும் டயரும் சேரும் இடம் முழுக்கத் தடவுங்கள். அமுங்கிய இடத்தில் நுரை வந்தால் கோட்டம்தான் காரணம். வேறு இடத்தில் வந்தால் அங்கே உப்புப் பூத்து அரித்திருக்கலாம். திருச்செந்தூர், உவரிப் பக்கம் அடிக்கடி போகும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கிறேன். டயரின் உட்பக்கச் சுவரில் கொப்புளம் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் அந்த டயர் போயிற்று.

தென்காசிச் சாரல்

நானும் இதே வண்டியை ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். சக்கரத்தைப் பற்றி வள்ளியூர் அண்ணாச்சி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் முன்டயரின் சுவர் 90 மில்லிமீட்டர், பின்டயரின் சுவர் 89 மில்லிமீட்டர். அவ்வளவுதான் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பர். அதிலும் ரன்ஃபிளாட்டின் சுவர் காற்றில்லாமலும் வண்டியைத் தாங்கும்படி கெட்டியாகச் செய்யப்பட்டிருப்பதால், அடியை அது வாங்கிக்கொள்ளாமல் ரிம்முக்கே கடத்திவிடுகிறது. நான் 17 இஞ்சுக்கு இறங்கி நான்கு பக்கமும் 225/45 போட்டேன். சுவர் 101 மில்லிமீட்டர் ஆயிற்று; மொத்த விட்டத்தில் முன்சக்கரத்தோடு ஒப்பிட்டால் 3 மில்லிமீட்டர்தான் குறைவு, எனவே ஸ்பீடாமீட்டருக்குப் பெரிய வேறுபாடு இல்லை. வாங்கும் முன் பிரேக் காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று ஒரு சக்கரத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். நடுத்துளை 72.6 மில்லிமீட்டராக ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். தொளதொளவென்று இருந்தால் புதுச் சக்கரமும் நடுங்கும். சாதாரண டயருக்கு மாறினால் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. சிறு கம்ப்ரஸரும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ரப்பரைக் குற்றம் சொல்வதற்கு முன் வடிகால் குழாய்களைப் பாருங்கள். கூரை மடியும் பள்ளத்தின் இரு மூலைகளிலும் மழைத் தண்ணீர் இறங்கும் துளைகள் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்துகிறீர்களா? பங்குனி, சித்திரையில் உதிரும் வேப்பம்பூ அந்தத் துளைக்குள் போய், புழுதியோடு சேர்ந்து மாவு போல அடைத்துக்கொள்கிறது. என் வண்டியில் எடுத்தபோது ஒரு கைப்பிடி வந்தது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை மெதுவாக விட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே வடிகிறதா என்று பாருங்கள். ரப்பர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் கிரீஸ் தடவினால் நம் வெயிலுக்குப் போதும். விரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை முழுவதுமாகக் காயவைத்துவிடுங்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து, வயர் இணைப்புகளைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் நம் பக்கம் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நாம் பார்த்தோம். இங்கே பழைய கன்வெர்டிபிள் விற்பனைக்கு வந்தால், இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

பாளையங்கோட்டைவாசி

அண்ணாச்சிகள் இருவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

சோப்புத் தண்ணீர் சோதனையில் அமுங்கிய இடத்திலேயே நுரை கிளம்பியது. இரண்டு சக்கரங்களையும் கழற்றி நண்பரின் வண்டியில் மதுரைக்கு எடுத்துச் சென்று, ஹைட்ராலிக் மெஷினும் டயல் கேஜும் வைத்திருக்கும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பக்கத்தில் நின்று பார்க்கவும் அனுமதித்தார்கள். முன்சக்கரத்தின் உட்பக்கம் 2.8 மில்லிமீட்டர் ஆடியது. அவர் ஒரு தடவை அழுத்துவார், விடுவார், சக்கரத்தைச் சுற்றி முள்ளைப் பார்ப்பார், சாக்பீஸால் குறி போடுவார், மீண்டும் அழுத்துவார். ஒன்றரை மணி நேரத்தில் 0.4க்கு வந்தது. பின்சக்கரத்தில் ஆட்டம் 1.3தான், எளிதாக முடியும் என்று நினைத்தேன். ஆனால் சாயம் பூசித் துடைத்தபோது ஸ்போக்குக்குப் பின்னால் உட்சுவரில் விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாத இடம். அந்தக் கோட்டைப் பார்த்தபோது, இதே சக்கரத்தில் நான்குவழிச் சாலையில் போன நாள்கள் நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த ரிம்மை ஒதுக்கிவிட்டு, சென்னையிலிருந்து அதே அளவில் பழைய ஒரிஜினல் ரிம் ஒன்றை வரவழைத்து, அதையும் அளந்து, சாயச் சோதனை பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தேன். முன் இடது டயரின் உட்சுவரில் எலுமிச்சங்காய் அளவு கொப்புளம் இருந்ததால் முன்டயர்கள் இரண்டையும் மாற்றினேன். இந்த டயர்கள் தேய்ந்ததும் 17 இஞ்சுக்கு மாறுவதாக இருக்கிறேன்.

வடிகாலில் வேப்பம்பூவேதான். பயணி இருக்கை இருக்கும் இடப்பக்கத் துளை முழுவதும் அடைத்திருந்தது.

வள்ளியூர்ப் பட்டறை

நல்லது, அண்ணாச்சி. பின்சக்கரத்தை ஒதுக்கியது மிகச் சரியான முடிவு. இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. சக்கர போல்ட்டுகளை முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கியிருக்க வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். போல்ட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். அடி வாங்கிய பக்கம் என்பதால், முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷும் வீல் பேரிங்கும் ஆடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, அலைன்மென்ட்டைக் கடைசியாகச் செய்யுங்கள். புஷ் போன வண்டிக்கு முதலில் அலைன்மென்ட் செய்தால் அந்தக் காசு வீண்.

பாளையங்கோட்டைவாசி

புஷ்ஷும் பேரிங்கும் நன்றாக இருக்கின்றன, அலைன்மென்ட்டும் முடிந்தது. போல்ட்டுகளை இன்று காலை மறுபடி பார்த்தேன், ஒன்றும் தளரவில்லை. நேற்று ஆரல்வாய்மொழி வரை போய்வந்தேன். 110ல் கை ஸ்டியரிங்கில் சும்மா கிடந்தது. முன் இடது டயரில் வைத்த 33, பன்னிரண்டு நாள் கழித்தும் 33லேயே நிற்கிறது.