பென்வாவின் பழைய ஆட்டங்களை இனியும் பார்க்கலாமா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தான், கடலூர்

2004 மார்ச்சில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் டிரிபிள் எச் என்ற வீரரை டேப் அவுட் செய்யவைத்து, அதாவது தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளவைத்து, மல்யுத்த வீரர் கிறிஸ் பென்வா உலகப் பட்டம் வென்றதையும், சக வீரர் எடி குரேரோ ரிங்குக்குள் வந்து அவரைக் கட்டித் தழுவியதையும் என் வயது ரசிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீரர்களின் அளவுகளை ஒப்பிட்டு ஆடும் டிரம்ப் கார்டு சீட்டாட்டத்தில் உயரமும் எடையும் குறைந்த பென்வாவின் அட்டையை எவரும் விரும்பிக் கேட்டதில்லை. அதனாலேயே அவர்மீது எனக்குத் தனிப் பற்று இருந்தது. மறு ஆண்டே குரேரோ 38 வயதில் இதயம் செயலிழந்து இறந்தார். 2007 ஜூனில் பென்வா தம் மனைவி நான்சியையும் ஏழு வயது மகன் டேனியலையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார்.

இப்போது என் அக்கா மகன் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் நிகழ்ச்சிகளைப் பார்க்கத் தொடங்கி, "மாமா, உங்க காலத்துல யாரு பெஸ்ட்டு?" என்று கேட்கிறான். மனத்தில் முதலில் வரும் பெயரை அவனிடம் சொல்லலாமா, அந்த ஆட்டங்களை நான் தனியே பார்ப்பதாவது முறைதானா என்பதே என் கேள்வி. "எல்லாம் நடிப்புதானே" என்று மட்டும் சொல்ல வேண்டாம். 1989இலேயே அந்த நிறுவனம் நியூ ஜெர்சி அரசிடம் அதை ஒப்புக்கொண்டுவிட்டது.

பதில்: முத்தியால்பேட்டை வாசகர், புதுச்சேரி

யார் வெல்வார் என்பதுதான் முன்கூட்டியே எழுதப்படுகிறது. விழுகிற உடம்பு நிஜமானது. பென்வா மேல்கயிற்றிலிருந்து பாய்ந்து எதிராளியைத் தலையால் மோதுவாரே, அது டைனமைட் கிட் என்ற பிரிட்டிஷ் வீரரைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டது. அந்த முன்னோடியோ தம் பிற்காலத்தைச் சக்கர நாற்காலியில் கழித்தார். இறந்தபோது பென்வாவுக்கு வயது 40; அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள், அது அல்சைமர் கண்ட 85 வயது முதியவரின் மூளையைப் போல் சிதைந்திருந்ததாகக் கூறினார்கள். தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ. 2010இல்தான் தடை செய்தது. நான் இன்றும் அவருடைய ஆட்டங்களைப் பார்க்கிறேன்; அந்தப் பாய்ச்சல் வரும் இடத்தை மட்டும் ஓட்டிவிடுகிறேன்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் வாசகி

மூளைச் சிதைவைச் சொல்லி அவரை விடுவிக்க முடியாது. தலையில் அடிபட்ட எத்தனையோ வீரர்கள் தம் வீட்டாரைக் கொன்றுவிடவில்லை. நான்சி வெறும் "பென்வாவின் மனைவி" அல்லர். 'உமன்' என்ற பெயரில் ரிங்கோரத்தில் மேலாளர் வேடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ரசிகர்கள் பென்வாவின் திறமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், நான்சியின் தொழில் வாழ்க்கை ஒரு வரிகூடப் பெறுவதில்லை. உண்மை தெரியவருமுன் ஜூன் 25 அன்று முழு நிகழ்ச்சியையும் பென்வாவுக்கு அஞ்சலியாக்கிய நிறுவனம், மறுநாளே அவர் பெயரை விலக்கியது. அந்த விலக்கலும் வணிகத்தைக் காக்கத்தானே தவிர, நான்சிக்காக என்று நான் நம்பவில்லை.

பையனின் வயதை நீங்கள் குறிப்பிடவில்லை. சிறுவனென்றால் இந்தக் கதையை இப்போதே சொல்ல என்ன அவசரம்?

பதில்: லாஸ்பேட்டைவாசி, புதுச்சேரி

ஒரு மனிதரோடு இதை நிறுத்திவிட்டால் நிறுவனம் தப்பித்துக்கொள்கிறது. 1999 மே 23 அன்று கான்சஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து ரிங்குக்குக் கம்பியில் இறக்கப்பட்ட வீரர் ஓவன் ஹார்ட் கீழே விழுந்து உயிரிழந்தார். அதன் பிறகும் அன்றைய நிகழ்ச்சி தொடர்ந்து நடத்தப்பட்டது. வீரர்களை ஊழியர்களாக அன்றித் தனி ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருப்பதும், அவர்களுக்கு இன்றுவரை தொழிற்சங்கம் இல்லாததும் இதே கணக்கில்தான் சேரும். நம் சந்தா அங்குதான் போகிறது என்று தெரிந்தே நானும் பார்க்கிறேன், ஒவ்வொரு வாரமும்.

பையனுக்கு 1994 ரெஸில்மேனியா என்ற பெரிய ஆண்டு நிகழ்ச்சியின் முதல் ஆட்டத்தைக் காட்டுங்கள். ஓவன் தம் அண்ணன் பிரெட்டை வென்ற அந்த ஆட்டத்தில் தலையில் ஓங்கி அடிக்கும் நாற்காலி ஏதும் இல்லை. ஆட்டத்தின் நுட்பமே போதுமானதாக இருக்கிறது.

மறுமொழி: மஞ்சக்குப்பத்தான்

நன்றி. அவனுக்கு வயது பதினான்கு. இணையத்தில் அவனே தேடிக் கண்டுபிடித்துவிடுவான் என்பதால், ஓவன் ஆட்டத்தைக் காட்டிய பிறகு பென்வா, நான்சி இருவரைப் பற்றியும் நானே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். ஆனால் முத்தியால்பேட்டை நண்பரைப் போல் ஓட்டிவிட்டுப் பார்ப்பது எனக்கு ஒத்துவராது. அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் நான் அவரை ரசித்தேன்.