"ஸ்டேஷன்ல இருந்து 5 நிமிஷ நடை": யார் காலுக்கு?

மாம்பலம்_இறங்கு:
"சென்னையில எங்க வாடகைக்குப் போறது" திரியில ஹிந்து காலனி அங்கிள் எழுதினதை அப்படியே எடுத்துப் போடறேன்: "வேலைக்குப் போறவங்க கண்ணை மூடிக்கிட்டு நங்கநல்லூர் வாங்க. பழவந்தாங்கல் ஸ்டேஷன் 5 நிமிஷ நடை. மெட்ரோவும் 5 நிமிஷ நடை. ரெண்டு ரயிலும் காலடியில இருக்கிற ஏரியா வேற எங்க இருக்கு?"

போய்ப் பார்த்தேன். புரோக்கரும் அதே மந்திரம், அஞ்சு நிமிஷம் சார், அஞ்சு நிமிஷம் சார். பழவந்தாங்கல்ல இறங்கினதும் பைக்ல பின்னாடி உட்காருங்கன்னார். அஞ்சு நிமிஷ நடைக்கு எதுக்குய்யா பைக்கு? திரும்பும்போது வேணும்னே நடந்து வந்தேன். இருபது நிமிஷம் ஆச்சு. வெயில், வழியெல்லாம் தோண்டிப் போட்ட பள்ளம் வேற.

வீடு ரெண்டாவது மாடி, ரெண்டு பெட்ரூம், 19,000 வாடகை, பத்து மாச அட்வான்ஸ், கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய். கிச்சன் ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு பாத்ரூம் ஜன்னல். கையை நீட்டி அவங்க சோப்பை எடுத்துடலாம். அதைக்கூட விடுங்க. அந்த 5 நிமிஷம் எங்க இருக்குன்னு அங்கிள் வந்து சொல்லணும்.

ஹிந்து காலனி அங்கிள்:
தம்பி, நான் 1986லேர்ந்து இங்க இருக்கேன். இது செங்கல்பட்டு ஜில்லாவா இருந்தப்போ வந்தவன். கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்த ஏரியா. நேத்து வந்தவங்க எனக்குத் தூரம் சொல்லித் தர வேண்டாம்.

ரிட்டயர் ஆகிற வரைக்கும் எனக்கு 8.40 வண்டி. வீட்டை 8.35க்குப் பூட்டுவேன். ஒருநாள் கூட விட்டதில்லை. அப்போ எத்தனை நிமிஷம்? நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

நீங்க 32 அடி ஆஞ்சநேயரையும் தாண்டிப் போய் ஏதோ சந்துல வீட்டைப் பார்த்துட்டு வந்து ஊரையே குத்தம் சொல்றீங்க. ஸ்டேஷன்லேர்ந்து 5 நிமிஷம்னா 5 நிமிஷம்தான்.

குரோம்பேட்டை_குமரன்:
8.35க்குக் கிளம்பி 8.40 வண்டியைப் பிடிச்சீங்கன்னா அந்த வண்டி 8.50க்கு வந்திருக்கு. தெற்கு ரயில்வேக்கு நன்றி சொல்லுங்க, உங்க காலுக்கு இல்ல.

ஹிந்து காலனி அங்கிள்:
வந்துட்டாரய்யா குரோம்பேட்டை. போன தடவை லெவல் கிராசிங் பத்திப் பேசினப்போ காணாம போனவர்தானே நீங்க? ராதா நகர் கேட்ல நின்னு நின்னு பாதி ஆயுசு போச்சு உங்களுக்கு. சுரங்கப்பாதைக்கு எத்தனை வருஷம் காத்துக் கிடந்தீங்க? அதுல எத்தனை 5 நிமிஷம் இருக்கும்?

குரோம்பேட்டை_குமரன்:
காணாம போகல, வேலைக்குப் போனேன். எங்களுக்காவது கேட் மேல இருந்துச்சு. உங்களுக்கு பழவந்தாங்கல் சப்வே. ஒரு மழை பெஞ்சா டிவிக்காரன் கேமராவை எடுத்துட்டு முதல்ல வர்ற இடம் அது. பஸ் மிதக்கிறதைக் காட்ட அவனுக்கு வேற லொகேஷனே தேவையில்ல. மழை நாள்ல உங்க 5 நிமிஷம் நீச்சலா, நடையா?

மாம்பலம்_இறங்கு:
அங்கிள், நேரா ஒரு கேள்வி. எந்த ஸ்டேஷன்? எந்த வீட்ல இருந்து? மெட்ரோவும் 5 நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. மெட்ரோ ஸ்டேஷன் அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு ஹைவே மேல நிக்குது. நங்கநல்லூர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். நடுவுல ரயில் லைன். பறந்து வரணுமா?

ஹிந்து காலனி அங்கிள்:
மெட்ரோ ஸ்டேஷன் பேரே நங்கநல்லூர் ரோடு. 2016ல திறந்தாங்க. அரசாங்கமே பேர் வெச்சிருக்கு, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பறக்கும்_ரயில்:
கொடைக்கானல் ரோடுன்னு கூட ஒரு ஸ்டேஷன் இருக்கு அங்கிள். இறங்கி கொடைக்கானலுக்கு 5 நிமிஷம் நடந்து பாருங்களேன். 😂

குரோம்பேட்டை_குமரன்:
😂😂 செத்தேன்

ஹிந்து காலனி அங்கிள்:
சிரிங்க சிரிங்க. வேளச்சேரிக்காரர் ரயில் பத்திப் பேசறதுதான் பெரிய ஜோக். வேளச்சேரியிலேர்ந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் தண்டவாளம் போட 2008ல ஆரம்பிச்ச வேலை தம்பி அது. அதுக்கு அடிக்கல் நாட்டினப்போ பிறந்த குழந்தைக்கு மீசை முளைச்சாச்சு. கோட்டூர்புரத்தைப் பார்த்துக்கிட்டே போறதுக்குத்தான் அந்த ரயிலு. கிண்டிக்கு வேலைக்குப் போறவனுக்கு அதுல என்ன பிரயோஜனம்?

எங்களுக்கு 1931லேயே எலக்ட்ரிக் ட்ரெயின். இந்தியாவுல மீட்டர் கேஜ்ல மின்சார வண்டி ஓடின லைன் இது. பீச்சுலேர்ந்து தாம்பரம் வரைக்கும். 2025ல ஏசி வண்டி கூட விட்டாச்சு. பேச வந்துட்டாங்க.

பறக்கும்_ரயில்:
1931ல நங்கநல்லூர்ல வயல்தான் இருந்துச்சு அங்கிள். வெள்ளைக்காரன் உங்களுக்காக லைன் போடல. ஏசி வண்டிக்குக் குறைஞ்ச டிக்கெட்டே 35 ரூபாய். சாதா வண்டி 5 ரூபாய். அதுல காலையில பழவந்தாங்கல்ல ஏறிப் பாருங்க. தாம்பரத்துலயே ரொம்பி வருது. கம்பியில தொங்கற ஆளோட பையைப் பிடிச்சு நாம தொங்கணும். ஸ்டேஷன் பக்கத்துல இருந்து என்ன, வண்டிக்குள்ள இடம் வேணுமே.

ஹிந்து காலனி அங்கிள்:
கிண்டி வந்தா பாதி வண்டி காலி. ரெண்டே ஸ்டேஷன் பொறுத்துக்க முடியலைன்னா கேப் புக் பண்ணிக்கோங்க. 2015 டிசம்பர்ல வேளச்சேரியில போட் புக் பண்ணீங்களே, அதே மாதிரி.

பறக்கும்_ரயில்:
வெள்ளத்தை இழுக்கறீங்களா? வீடு இழந்தவங்க இருக்காங்க. ஒரு 5 நிமிஷத்தை ஜெயிக்கறதுக்கு எவ்வளவு கீழ இறங்குவீங்க?

தனி_வாடகை_தேவி:
அஞ்சா இருபதான்னு அடிச்சுக்க உங்களுக்கெல்லாம் நேரம் இருக்கு. எனக்கு ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பத்தரைக்குத்தான் பழவந்தாங்கல்ல இறங்க முடியும். எத்தனை நிமிஷம்ங்கறதை விட எந்தத் தெருவுல விளக்கு எரியும், எந்தக் கடை அந்நேரம் திறந்திருக்கும், அதுதான் எனக்குக் கணக்கு.

அதுக்கும் முன்னாடி வீடு கிடைக்கணும். போன மாசம் அந்த ஏரியாவுல பார்த்த வீட்ல எல்லாம் ஒரே பரீட்சை. தனியாவா? சொந்த ஊர் எது? நான்வெஜ் சமைப்பீங்களா? முட்டை? ஆம்லெட் வாசனை வந்தா மேல பூஜை ரூம் இருக்குமா. அப்பா அம்மா வந்து பேசினாதான் சாவி. எனக்கு வயசு 34.

ஹிந்து காலனி அங்கிள்:
அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கஷ்டப்பட்டு லோன் போட்டுக் கட்டினவங்க யாருக்குக் கொடுக்கணும்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. என் வீட்டு மாடிக்கும் நான் சைவம்தான் பார்ப்பேன். அதுல ஒளிவு மறைவு இல்ல, போர்டுலயே எழுதிடறேன். உங்க தெருவிளக்கு விஷயம் கார்ப்பரேஷன் பார்த்துக்கணும். எங்க தெருவுல எல்லா விளக்கும் எரியுது. அங்கிருந்து ஸ்டேஷன் 5 நிமிஷம்தான்.

தனி_வாடகை_தேவி:
அதையும் எப்படியாவது கொண்டு வந்து சேர்த்துட்டீங்க.

உங்க மாடிக்கு அட்வான்ஸ் எவ்வளவு வாங்கறீங்க அங்கிள்? பத்து மாசம்தானே? 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுங்குது. காலி பண்ணின ஒரு மாசத்துல திருப்பித் தரணும். ஒப்பந்தத்தை 90 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். பண்ணியிருக்கீங்களா?

ஹிந்து காலனி அங்கிள்:
சட்டத்தை முழுசாப் படிச்சுட்டு வாங்கம்மா. "ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்"னு அந்தப் பிரிவுலயே இருக்கு. என் அக்ரிமென்ட்ல வேறு விதமாத்தான் இருக்கு. அவங்க கையெழுத்துப் போட்டுத்தான் வந்தாங்க, நான் துப்பாக்கி காட்டல.

பத்து மாசம் வாங்கறது ஏன்னு யோசிச்சீங்களா? மூணு மாசம் மட்டும் வாங்கினா அதுல ரெண்டு மாச வாடகையைக் கொடுக்காம உட்கார்ந்துடுவாங்க. மிச்சம் ஒரு மாசத்துல நான் கோர்ட்டுக்குப் போறதா, பெயின்ட் அடிக்கறதா?

தனி_வாடகை_தேவி:
"வேறு விதமாக"ங்கற ஓட்டை வழியா ஊரே போயிட்டு வருது. குடித்தனக்காரங்ககிட்ட வேற விதமாக் கேளுங்கன்னு பேரம் பேசற தெம்பு இருக்கா? சாவி உங்க கையில. பதிவைப் பத்தி மட்டும் பதிலே காணோம். பெயின்ட் பேச்சை எடுத்தீங்க பாருங்க, அதையும் கேட்கறேன். காலி பண்றப்போ பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறீங்களே, அடுத்தவங்க வர்றதுக்குள்ள நிஜமாவே அடிக்கறீங்களா?

குரோம்பேட்டை_குமரன்:
👏 அங்கிள் அந்தக் கேள்விக்கு 5 நிமிஷத்துல பதில் சொல்லுவார்.

ஹிந்து காலனி அங்கிள்:
குமரன், உங்களுக்குக் கைத்தட்ட மட்டும் வரும். பிரஷ் பிடிச்சிருக்கீங்களா? டிஸ்டெம்பர் என்ன விலைன்னு தெரியுமா?

மாம்பலம்_இறங்கு:
யாராவது யூனிட் 9 ரூபாய் பத்திப் பேசுங்களேன். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாக் கொடுக்குது. அந்த வீட்ல மூணு போர்ஷனுக்கு சப் மீட்டர், ஒரே கனெக்ஷன். நான் முதல் யூனிட்லேர்ந்து 9 ரூபாய் கொடுக்கணும். இலவசம் ஓனருக்கு, பில் எனக்கு.

ஹிந்து காலனி அங்கிள்:
மோட்டார் யார் ஓட்டறாங்க? மாடிப்படி லைட் யாருது? அதெல்லாம் காத்துலயா எரியுது? மூணு போர்ஷனும் ஒரே மீட்டர்ல ஓடினா மேல் ஸ்லாபுக்குப் போகும், ரேட் ஏறும். தெரியாம பேசக் கூடாது தம்பி. அதுவும் 19,000க்கு அந்த வீடு கொள்ளை மலிவு. ஸ்டேஷன்லேர்ந்து 5 நிமிஷத்துல அந்த வாடகைக்கு

மாம்பலம்_இறங்கு:
5 நிமிஷம் இல்லைங்கறதுதானே இந்தத் திரியே!!

பறக்கும்_ரயில்:
அரைகுறையா போஸ்ட் பண்ணிட்டார். 5 நிமிஷத்துல முடிக்கணும்னு அவசரம் போல.

குரோம்பேட்டை_குமரன்:
ஒரு வழி இருக்கு. ஞாயித்துக்கிழமை காலையில பழவந்தாங்கல் ஸ்டேஷன்ல கூடுவோம். அங்கிள் நடக்கட்டும், நான் செல்லுல ஸ்டாப்வாட்ச் போடறேன். அவர் வீடு வரைக்கும்.

ஹிந்து காலனி அங்கிள்:
வாங்க, பயமா எனக்கு? ஆனா நங்கநல்லூர் பக்கத்து வாசல்லேர்ந்துதான் கணக்கு. பிளாட்பாரம் சேராது. டிக்கெட் கவுன்டர் சேராது. சப்வே பக்கமா சுத்தி வரக் கூடாது. நடக்கறது என் மருமகன். எனக்கு மூட்டுவலி, மூணு வருஷமா ஸ்கூட்டர்தான்.

மாம்பலம்_இறங்கு:
ஸ்கூட்டரா???

ஹிந்து காலனி அங்கிள்:
ஸ்கூட்டர்ல ரெண்டு நிமிஷம். நடந்தா 5. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாத்தானே இருக்கு?

குரோம்பேட்டை_குமரன்:
உங்க மருமகன் மாரத்தான் ஓடறவர்னு நீங்களே ஒரு திரியில பீத்திக்கிட்டது ஞாபகம் இருக்கு. அவர் சேராது. ஒரு சாதாரண ஆள் வேணும். கையில மதிய சாப்பாட்டுப் பையோட.

ஹிந்து காலனி அங்கிள்:
நீங்களே நடங்க. ஆனா குரோம்பேட்டைக்காரர் வேணும்னே மெதுவா நடப்பார்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

பறக்கும்_ரயில்:
நான் நடக்கறேன், நடுநிலை ஆள்.

ஹிந்து காலனி அங்கிள்:
வேளச்சேரி நடுநிலையா? நேத்து உங்க வெள்ளத்தைச் சொன்னதுக்கு இன்னிக்கு வஞ்சம் தீர்ப்பீங்க. முடியாது.

தனி_வாடகை_தேவி:
பதிவு பண்ணீங்களான்னு கேட்டேன் அங்கிள். பெயின்ட்டும் அப்படியே நிக்குது.

ஹிந்து காலனி அங்கிள்:
பதிவெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கறார். நீங்க ஞாயித்துக்கிழமை வர்றீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க. வாசல்ல பூக்காரம்மா உட்கார்ந்திருப்பாங்க, அங்கேர்ந்துதான் ஆரம்பம்.

குரோம்பேட்டை_குமரன்:
பூக்காரம்மா தெருவுக்குள்ள உட்கார்ந்திருக்காங்க, வாசல்ல இல்ல. அங்கேயே ஒரு நிமிஷம் அமுக்கிட்டீங்க.