பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 600 மிமீ லென்ஸ்: படத்தில் பூநாரை ஏன் குழைந்து தெரிகிறது?

மீன்கொத்தி: 150-600 மிமீ லென்ஸ், காலை 11 மணி, ஷட்டர் வேகம் 1/2000 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. கிட்டத்தில் நிற்கும் கொக்கு தெளிவு. தூரத்துப் பூநாரைகள் எல்லாம் குழைவு. லென்ஸில் கோளாறுங்களா?

ஆள்காட்டி: 1/2000 விநாடி வேகத்தில் கைநடுக்கம் காரணமாக இருக்காது. கானல்தான். வெயிலில் சூடான தரைக்கு மேலே காற்றின் அடர்த்தி மாறிக்கொண்டே இருப்பதால் ஒளி வளையும். லட்ச ரூபாய் லென்ஸும் தப்பாது. தொடர்ச்சியாக 20 படம் தட்டுங்க. ஒவ்வொன்றிலும் குழைவு வேறு வேறு இடத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 8 மணிக்குள் எடுங்க, தூரத்தைக் குறைங்க. படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் கானலும் சேர்ந்துதான் பெரிதாகும். காருக்குள்ளிருந்து எடுப்பதென்றால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, உள்காற்றும் வெளிக்காற்றும் ஒரே சூட்டுக்கு வரப் பத்து நிமிடம் பொறுங்க.

நீர்க்காகம்: லென்ஸ் மேல் சந்தேகம் தீரணும்னா, சாயங்கால நிழலில் 15 மீட்டர் தள்ளி செய்தித்தாளை ஒட்டி, முக்காலியில் வைத்து, நடுக்கக் கட்டுப்பாட்டை அணைத்து, 2 விநாடி டைமரில் எடுத்துப் பாருங்க. லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் (பாதுகாப்புக் கண்ணாடி) ஏதும் மாட்டியிருக்கீங்களா?

மீன்கொத்தி: ஆமாங்க, 400 ரூபாய் ஃபில்டர்.

நீர்க்காகம்: முதல்ல அதைக் கழற்றுங்க! மலிவுக் கண்ணாடியும் படத்தைக் குழைக்கும்.