தனுஷ்கோடி அம்மாவும் ஊற்றுத் தண்ணீரும்: ராமேஸ்வரத்தில் தோழிகளோடு ஒரு நாள்

ராமேஸ்வரப் பயணத்தில் சந்தித்து மனதில் நின்றவர்களைப் பற்றி இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள். எனக்கு தனுஷ்கோடியில் மீன் வறுத்துக் கொடுத்த ஓர் அம்மா.

கல்லூரித் தோழிகளோடு போயிருந்தேன். விடியும்போதே அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, ஈரத் துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்களையும் சுற்றினோம். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியை இறக்கி இழுத்துத் தலையில் கொட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் திரும்பிவிடுகிறார். துணி மாற்றிக்கொண்டு தரிசனம், அப்புறம் வெளிப் பிராகாரத்தில் ஒரு நடை. அந்தத் தூண் வரிசையை அவசரமாகக் கடக்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மதியம் தனுஷ்கோடி. 2017க்கு முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அதற்கப்பால் மணலில் வேன்தான். இப்போது நிலம் முடியும் அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை. போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. இடப்பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்றும் வலப்பக்கம் இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் போன நாளில் ஒரு பக்கம் குளம் போலக் கிடந்தது, மறுபக்கம் பேச்சுக் குரலே கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல்.

இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகையில் சாப்பிட்டோம். குடிக்கத் தண்ணீர் கேட்டதும் அந்த அம்மா எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார். மணலில் இடுப்பளவு கூட இல்லாத ஒரு குழி, அடியில் தெளிந்த தண்ணீர். சிரட்டையில் மொண்டு நீட்டினார். "குடிச்சுப் பாருங்க தாயி." துளி உப்பில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது!

"இன்னும் தோண்டினா நிறைய வருமா?" என்று தோழி கேட்டாள்.

"ஆழமாத் தோண்டினா கடல் வந்துரும்."

மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே தங்கி நிற்கிறது. மேலாக எடுத்தால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டால் உப்பு. நான் பாடத்தில் படித்த விஷயம்தான், ஆனால் அவர் அதை அன்றாடம் கையால் அளந்து வாழ்கிறார்.

1964 டிசம்பர் புயலில் அவர் கைக்குழந்தையாம். "எங்கம்மா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு மேட்டப் பாத்து ஓடுனாங்களாம். விடிஞ்சு பாத்தா ஊரே இல்ல." பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அலையில் போனது அந்த 22ஆம் தேதி இரவில்தான். குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "தொழில் இங்கதான இருக்கு" என்றார். இடிபாடுகளின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அங்கே இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

* * *

தனுஷ்கோடி அம்மாவைப் பற்றிய உங்கள் பதிவைப் படித்ததும் என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. கொழும்பில் கடை வைத்திருந்தவர். எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று பெருமையாகச் சொல்வார்.

நண்பர்களோடு போனபோது நான் ரயில் நிலையச் சுவரைத் தேடித்தான் முதலில் நடந்தேன். அங்கே வயதான ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், புயலுக்கு முன் சின்னப் பையனாக அந்த வண்டியில் போயிருக்கிறாராம். கப்பல் நின்ற திசையைக் கை நீட்டிக் காட்டினார். தாத்தா சொன்ன ஊரை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். நண்பர்கள் கிளம்பலாம் என்று ஒருமுறை கூடச் சொல்லவில்லை, அதற்காக அவர்களுக்கு இன்றும் நன்றி.

* * *

உங்கள் இருவரின் பதிவுகளோடு நான் பாம்பன் சாலைப் பாலத்தைச் சேர்க்கிறேன். 1988இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுவில் நாங்கள் நின்றபோது இரண்டு ரயில் பாலங்களும் கீழே தெரிந்தன. 1914இல் திறந்த பழைய பாலத்தில், கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்படி இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் உயர்கிறது. எங்கள் பக்கத்தில் நின்ற பாம்பன் மீனவர் ஒருவர் கீழே போகும் ஒவ்வொரு படகையும் யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பெண் கடல் எப்போதும் அமைதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். வடகிழக்குக் காற்று காலத்தில் அந்தப் பக்கம்தான் கொந்தளிக்குமாம். அரிச்சல்முனையில் எந்த மாதமும் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் காலை வாரிவிடும். வழியில் நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் சீக்கிரமே எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அதனால் மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது.