சிப்பிக்காளான் படுக்கையில் பச்சைப் பூசணம்: புதுப்பிப்பு

காட்பாடி வீட்டில் வைக்கோல் நிரப்பிய பைகளாக வைத்த நான்கு சிப்பிக்காளான் படுக்கைகளுள் இரண்டில் பச்சைப் பூசணம் படர்ந்ததைச் சொல்லி, வித்து (காளான் விதை) பழுதாக இருக்குமோ என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். வித்தின்மேல் குற்றமில்லை, வேகவைத்த வைக்கோலை அவசரத்தில் நீர் சொட்டச் சொட்ட நிரப்பியதே காரணம் என்று இப்போது தெளிவாகிறது. பூசணம் பிடித்த பைகளை அறைக்குள் பிரிக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதைத்தேன்.

இம்முறை, ஒரு பிடி வைக்கோலை இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கையில் ஈரம் மட்டும் தங்கும் பதம் வரும்வரை நிழலில் உலர்த்திய பிறகே, அடுக்கடுக்காக வித்துத் தூவிக் கட்டினேன். 18 ஆம் நாளில் பைகள் முழுவதும் காளான் இழை படர்ந்து வெண்மையாயின. அடுத்த சில நாட்களில் துளைகளின் ஓரம் குண்டூசித் தலையளவு மொட்டுகள் எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிவதுபோல் மூன்றே நாளில் அறுவடைக்கு வந்துவிட்டன. முதல் பறிப்பில் ஒரு பைக்கு ஏறத்தாழ 350 கிராம் கிடைத்தது. அன்றிரவே மிளகு வறுவலாகித் தீர்ந்தது.

வேலூர் வெயில் 40 பாகையைத் தாண்டும் மாதங்களில் அறையைக் குளிர்விக்க ஈரச் சாக்கு மட்டும் போதாது என்பதால், கோடைக்கு 30 முதல் 35 பாகை வரை தாங்கும் பால் காளானுக்கு மாறுகிறேன். பால் காளானுக்கு, இழை படர்ந்த படுக்கையின்மேல் மண் பரப்ப வேண்டும் என்பது மட்டுமே கூடுதல் வேலை.