மறு: ரிவெட்டுக்குத் தறையாணியா, கடாவியா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கார்களின் டிரம் பிரேக்கில், ஷூ என்னும் வளைந்த உலோகத் துண்டின்மேல் ரிவெட்டால் பொருத்தப்படும் உராய்வுப் பட்டையான லைனிங்கை மாற்றும் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரு பகுதிகளை நிலையாகப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டுக்குத் தமிழில் தறையாணி, கடாவி என்னும் இரு சொற்கள் நம் குழுவில் முன்வந்துள்ளன. இரண்டு நாள் யோசித்த பிறகும் ‘கடாவி’யை என்னால் ஏற்க முடியவில்லை. கடாவுதல் என்பது ஆணியை அடித்து இறக்குவது. ரிவெட்டோ முன்பே இட்ட துளையில் விரலால் தள்ளினாலே போய் நிற்கும். தலையை டாலி என்னும் தாங்குகட்டையில் தாங்கிக்கொண்டு, மறுபுறம் நீண்டிருக்கும் முனையை அடித்துப் பரப்பும்போதுதான் அதற்குப் பிடிப்பு பிறக்கிறது. 4 மி.மீ. விட்டமுள்ள கெட்டி ரிவெட்டில் அம்முனை ஏறத்தாழ 6 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், குறைந்தால் தலை நிரம்பாது, மிகுந்தால் தண்டு வளைந்துவிடும். இந்தச் செயலுக்குத் தறைத்தல் பொருந்துகிறது. நனைதல், நனைத்தல் போல, ஆணி தறையும், நாம் தறைப்போம்.

அச்சாணி என்றே சொல்லலாமே என்று குறளை நினைவூட்டிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அச்சாணியைக் கழற்றி மீண்டும் மாட்டலாம். தறைத்த ஆணியை அழித்துத்தான் எடுக்க முடியும்.

பட்டறையில் எல்லாரும் ரிவெட் என்னும்போது இந்தச் சிரமம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. சென்ற ஆண்டு நானும் ‘நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி ரிவெட் செய்க’ என்றே எழுதினேன். ஒரு மாணவர் பித்தளை ரிவெட்டுகளையெல்லாம் துளைகளில் மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றார். லைனிங்குக்கும் ஷூவுக்கும் இடையில் தாள் நுழைந்தது. நமக்கு வேண்டியது பெயரைவிட வினை.

முனையை அடிக்கும்போது புதிதாய் உருவாகும் தலைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘மறுதலை’ என்றால் எதிர்மறை என்று படிப்பார்கள். ‘அடிதலை’ என்பது ஊறுகாய் போன்ற வினைத்தொகை; அதில் வல்லினம் மிகாது. மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றைச் சேர்த்து ‘அடித்தலை’ ஆக்கினால் அடியிலுள்ள தலை என்றாகி, மாணவர் தவறான முனையை அடிப்பார்.

அன்புடன்,
பாடநூல் எழுதுபவன்

மறு: மறு: ரிவெட்டுக்குத் தறையாணியா, கடாவியா?

ஐயா,

பெரும்பான்மையோர் விரும்புவதால் தறையாணிக்கு இசைகிறேன். ஆயினும் றகரமும் ரகரமும் பேச்சில் ஒன்றிவிட்ட ஊர்களில், மாணவர் அதைத் தரையில் அடிக்கும் ஆணி என்றே கேட்பார். முதல் பக்கத்திலாவது ரிவெட் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். அடிதலையை மட்டும் என்னால் ஏற்க இயலாது. லைனிங்குக்கு நாம் பெரும்பாலும் போடுவது முனையில் குழிவுள்ள குழல் ரிவெட். அதில் அடித்து உருவாவது தலையன்று, மலர்ந்து மடங்கிய விளிம்பு.