எறும்பு குடியிருந்த செடி: பெயர் தேடிய அனுபவங்கள்

முதற் பதிவு (படுவான்கரை)

சென்ற மாரியில் எங்கள் வளவின் பின்புறம் நிற்கும் புளியமரத்தின் ஒரு கொப்பு ஒடிந்து கிணற்றடியில் விழுந்தது. காய்ந்த சருகுக் குவியல் போன்ற ஒன்றும் அதோடு வந்து விழுந்தது. அதைப் புரட்டியதும் முழங்கை வரை எறும்பு ஏறிவிட்டது. பழுப்பு நிற இலைகள் ஓட்டுக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. இடையில் ஈரமான மக்கு. அதற்குள் வெள்ளைக் குடம்பிகள். அவற்றைக் கவ்விக்கொண்டு அங்குமிங்கும் ஓடும் கறுப்பு எறும்புகள். அடியில் என் மணிக்கட்டுப் பருமனில், ஆட்டுக்கால்போல மயிர் மூடிய கிழங்கு.

அம்மம்மா பார்த்துவிட்டு, "குருவிச்சைதானே மகன், எரித்துவிடு" என்றார். எங்கள் ஊரில் மரத்தின்மேல் எது முளைத்தாலும் அதற்குக் குருவிச்சை என்றுதான் பெயர். ஆனால் குருவிச்சை மரத்துக்குள் இறங்கி அதன் நீரை உறிஞ்சும். இதன் வேர்களோ பட்டையைப் பற்றிப் பிடித்திருந்தன, அவ்வளவுதான். கையாலேயே உரித்தெடுத்தேன், பட்டையில் ஒரு காயமும் இல்லை. ஒட்டுண்ணி அல்ல, மேலொட்டி என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அடுத்த படியில்தான் தவறினேன். எறும்பு இருக்கிறது, கிழங்கு இருக்கிறது, மரத்தில் வளர்கிறது. ஆகவே இது, கிழங்குக்குள்ளே துளை விட்டு எறும்புக்கு இடம் கொடுக்கும் மிர்மிகோடியா என்று முடிவுகட்டி, நண்பர்கள் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டேன். மிர்மிகோடியா நியூகினி, இந்தோனேசியா பக்கத்துச் செடி. படுவான்கரைப் புளியமரத்துக்கு அது எப்படி வந்திருக்கும் என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்துக் கிழங்கின் ஒரு துண்டைக் குறுக்கே வெட்டினேன். முழுவதும் சதை. ஒரு துளைகூட இல்லை. பிறகு நீண்ட பச்சை இலையைத் திருப்பிப் பார்த்தால், நரம்புகளுக்கிடையே வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். வித்திகள்! பூக்கவே பூக்காத பன்னம் அது. டிரைனேரியா குவெர்சிஃபோலியா. தமிழ்நாட்டில் இதை முடவாட்டுக்கால் என்பார்கள். கொல்லிமலையில் கிழங்கைச் சூப் வைத்து விற்கிறார்கள். அதன் குட்டையான பழுப்பு இலைகள் ஓக் மரத்து இலையின் வடிவில் இருப்பதால்தான் குவெர்சிஃபோலியா என்ற பெயர். அவை உணவு தயாரிப்பதற்கான இலைகள் அல்ல. விழும் சருகையும் தூசியையும் பிடித்து மண்ணாக்கும் கூடைகள். எறும்பு அந்தக் கூடைக்குள் குடியேறியிருந்தது. செடி அதற்கென்று அறை எதுவும் கட்டிக் கொடுத்திருக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி (அக்கரைப்பற்று)

நீங்கள் தேடிய செடியின் இனத்தானை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் நமது நாட்டில் அல்ல. மலேசியாவில் நான்கு வருடம் வேலை செய்தேன். கடற்கரையோரக் கண்டல் மரங்களில் தேங்காய் அளவில் ஏதோ வீங்கித் தொங்கும். மரத்துக்கு நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். கூட வேலை செய்த இந்தோனேசியக் காக்கா ஒருவர் "சாரங் செமுட்" என்றார். எறும்புக் கூடு என்று பொருள். அவர்கள் ஊரில் அதைச் சீவிக் காயவைத்து, மருந்தென்று அவித்துக் குடிக்கிறார்களாம். தாய்லாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்தான் எனக்கு இன்னும் பிடிக்கும்: நூறு துளைக் கிழங்கு.

ஒருநாள் பெருங்காற்றில் விழுந்து கிடந்த ஒன்றை அவரே பிளந்து காட்டினார். உள்ளே ஒரு சிறிய ஊரே இருந்தது. வளைந்து வளைந்து போகும் பாதைகள், அவற்றின் முடிவில் அறைகள். சில அறைகளின் சுவர் வழவழப்பாக இருந்தது. குடம்பிகள் அங்கே கிடந்தன. வேறு சில அறைகளின் சுவரில் சின்னச் சின்ன மருக்கள். அங்கே செத்த பூச்சிகளின் கால்களும் கழிவும். எறும்புதான் தோண்டியிருக்கும் என்று நான் சொன்னேன். இல்லை, விதையிலிருந்து வளர்த்தால் எறும்பே வராத இடத்திலும் கிழங்கு இப்படித்தான் துளை விடும் என்றார். வீட்டைக் கட்டியது செடி. பிற்பாடு நான் வாசித்தவையும் அதையே சொல்லின.

நான் பார்த்தது ஹிட்னோஃபைட்டம் ஃபோர்மிகாரும். கிழங்கில் முள் இல்லை. மெல்லிய தண்டுகள் பலவாகக் கிளை விட்டிருந்தன. மிர்மிகோடியா என்றால் பெரும்பாலும் கிழங்கில் முள் இருக்கும், தண்டு தடித்து, கிளை குறைந்து நிற்கும். இரண்டிலும் பூ மிகச் சிறியது, வெள்ளை, நான்கு இதழ். கோப்பியும் வெட்சியும் இதே குடும்பம் என்று தெரிந்தபோது வாப்பாவின் கோப்பிச் செடியடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுமொழி (பொத்துவில்)

என்னுடையது சின்னது. மாமரத்தில் பச்சைப் பந்துபோல இலைகள் உருண்டிருந்ததைப் பார்த்து, "எறும்புச் செடி கிடைத்தது" என்று மச்சானை ஏற்றிவிட்டேன். முசுறு! அது தன் குடம்பி விடும் பட்டு நூலால் மாவிலைகளைத் தைத்துக் கட்டிய கூடு. மச்சான் இறங்கிய வேகத்தை இன்றும் சொல்லிக் கொண்டிருக்கிறார்.

மறுமொழி (மட்டக்களப்பு நகர்)

அக்கரைப்பற்றுத் தம்பி சொன்ன இருவகை அறைகள் முக்கியமானவை. மருக்கள் உள்ள சுவர் எறும்பின் கழிவிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. மரத்தின் உச்சியில் மண் இல்லாமல் வாழும் செடிக்கு அதுதான் பசளை. டிஸ்கிடியா மேஜர் என்ற கொடியில் 1995ஆம் ஆண்டு அளந்து பார்த்தார்கள். எறும்பு குடியிருக்கும் அதன் பை போன்ற இலைகள் பெறும் காபனில் 39 சதவீதம் எறும்பு விடும் மூச்சிலிருந்தும், செடியின் நைதரசனில் 29 சதவீதம் எறும்பு சேர்க்கும் குப்பையிலிருந்தும் வருவதாகக் கண்டார்கள்.

படுவான்கரைத் தம்பி வருந்த வேண்டாம். இந்தச் செடிகளை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவரான ரும்பியஸும் வேறொரு விதத்தில் தடுமாறினார். நமது கோட்டையை வைத்திருந்த அதே ஒல்லாந்தக் கம்பனியின் ஊழியர் அவர். இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்தார். 1670இல் பார்வை இழந்த பின்னும் வேலையை விடவில்லை. எறும்புக் கூடே முளைத்துச் செடியாகிறது என்று நம்பி, "முளைக்கும் கூடு" என்று இலத்தீனில் பெயரிட்டார். சிவப்பெறும்புக் கூடு, கறுப்பெறும்புக் கூடு என்று இரண்டாகவும் பிரித்தார். காரணம் தவறு, ஆனால் அவர் கண் பிழைக்கவில்லை. ஒன்று இன்றைய மிர்மிகோடியா, மற்றது ஹிட்னோஃபைட்டம். 1823இல் வில்லியம் ஜாக் இந்தப் பெயர்களைச் சூட்டியபோதும் அந்த இரண்டு இரண்டாகவே நின்றன.

ஒரு வேண்டுகோள். பெயர் அறியும் ஆசையில் காட்டில் ஏறி எதையும் அறுக்காதீர்கள். விழுந்து கிடப்பதை மட்டும் வெட்டிப் பாருங்கள். மரத்தில் இருப்பதற்கு, வேர் பட்டையைத் தொடும் இடம், இலையின் அடிப்புறம், பூவோ காயோ என்று நெருங்கிய படங்கள் போதும். முழுச் செடியைத் தூரத்திலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு எவராலும் பெயர் சொல்ல முடியாது.

மீண்டும் முதற் பதிவாளர்

ஐயா, நன்றி. ஒரு செய்தி. மிச்சக் கிழங்கைத் தும்புக் கயிற்றால் அதே புளியமரத்தில், எட்டும் உயரத்தில் கட்டினேன். பழைய பச்சை இலைகள் உதிர்ந்து ஈர்க்கு மட்டும் நின்றது. போய்விட்டது என்றே நினைத்தேன். இன்று காலை நுனியில் சுருண்ட ஒரு தளிர். பக்கத்தில் புதிய கூடை இலை ஒன்றும் விரிகிறது, இன்னும் பச்சையாக, உள்ளே புளியிலைத் தூள் நாலைந்து விழுந்திருக்க. எறும்பு இன்னும் வரவில்லை. அம்மம்மாவே இப்போது அதற்குத் தண்ணீர் தெளிக்கிறார், குருவிச்சை என்று சொல்லிக்கொண்டே.